மாதிரி பதினேழு, இரண்டாம் துண்டு

வியாழன் மாலை இடி இறங்கி
நிபோங் திபால் முழுக்க விளக்கணைந்தபோது
உலை ஆயிரத்து முந்நூறு பாகையில் நின்றிருந்தது.
நான்கு மணிநேரம் நிற்க வேண்டியது,
மூன்றாவதில் விழுந்துவிட்டது.
ரொஹைசாட் நெற்றியில் கைவைத்தார்,
காய்ச்சல் தமக்கு என்பதுபோல.

உள்ளே என் பதினேழாவது மாதிரி:
சீரியத்தின் ஆக்சைடு, பத்துக்கு ஒன்று கடோலினியம்.
ஒன்பது முறை தோய்த்து ஒன்பது முறை உலர்த்தி
எல்லாம் சேர்ந்தும் ஒரு மைக்ரான்.
தலைமுடியை எழுபதாய் வகிர்ந்தால்
அதில் ஓர் இழை.

திங்களன்று வைரமுனையால் கீறி ஒடித்தேன்.
அப்பளம் நொறுங்கும் சத்தம்கூட வரவில்லை.
முதல் துண்டு சோதனைக்குப் போனது.
தொள்ளாயிரம் மில்லிவோல்ட் வர வேண்டிய இடத்தில்
அறுநூற்றுப் பத்து.

இரண்டாம் துண்டைக் கரிநாடாவில் ஒட்டி
பிளாட்டினம் தூவி
நுண்ணோக்கியின் வயிற்றுக்குள் அனுப்பினேன்.
காற்று வெளியேற ஏழு நிமிடம்.
பம்பு முனகியது.

நாற்பதாயிரம் மடங்கு.
முதலில் மூட்டம்.
குமிழைத் திருகத் திருக மணிகள் விளிம்பு கட்டின:
முள் மழுங்கிய பலாத்தோல்.
பக்கவாட்டில், மேலிருந்து கீழ்வரை
தோள் உரச நிற்கும் மூன்றோ நாலோ.
அடியில் நிக்கல் தளம், பஞ்சாய்த் துளைத்துளையாய்.
அது அப்படித்தான் இருக்க வேண்டும்,
ஹைட்ரஜன் அதன் வழியாகத்தான் ஏறி வரும்.

சியூ லெங் பின்னால் வந்து நின்றாள்.
"கடோலினியம் நம்மைப் போல, இல்லையா?
வெளியாள் வந்துதான் வேலை நடக்கிறது."
அவளுக்கு எதைப் பார்த்தாலும் ஆள் தெரியும்.
இல்லை என்றேன்.
அது கப்பலேறி வரவில்லை,
நைட்ரேட் உப்பாகக் கூரியரில், ரசீதோடு வந்தது.
நான்கு கொடுக்க வேண்டிய இடத்தில் மூன்று கொடுக்கிறது.
அவ்வளவுதான் அது செய்வது.
அப்படி இரண்டு சேர்ந்தால்
ஓர் ஆக்சிஜனின் இடம் காலி.
பக்கத்து ஆக்சிஜன் அதில் தாவும்,
அது விட்ட இடத்தில் இன்னொன்று.
நடப்பது காலியிடம்.
பெயர் வாங்குவது ஆக்சிஜன்.

அதையும் கூட்டினால் கெடும்.
கால்பங்கு சேர்த்த பன்னிரண்டாம் மாதிரியில்
காலியிடங்கள் கடோலினியத்தையே கட்டிக்கொண்டு
நகர மறுத்துவிட்டன.

விரிசலைத் தேடினேன்,
தரை துடைப்பதுபோல வரிசை வரிசையாக.
இல்லை.
மின்வெட்டைத் தாங்கிவிட்டது என்று
ரொஹைசாட்டுக்குச் செய்தி அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் வந்தது.

பிறகு,
மூன்று மணிகள் சந்திக்கும் மூலையில்
கறுப்பாக ஒரு புள்ளி.
தூசியோ?
தூசி இந்தக் கற்றையில் வெளுக்கும்.
இது வெளுக்கவில்லை.
மேடையைச் சாய்த்துப் பார்த்தேன். அடிவரை போகிறது.
நூற்றெண்பது நானோமீட்டர்.

நான் வேண்டி உண்டாக்கிய காலியிடங்கள்
ஒரு மணிக்குள்ளேயே கோடிக்கு மேல்.
ஒன்றைக்கூட இந்தக் கருவி காட்டாது.
வேண்டாத ஒன்றைக் காட்டுகிறது,
அளவுகோலும் தேதியும் போட்டு.

குறிப்பேட்டில் இரண்டுக்கும்
'வெற்றிடம்' என்றே எழுதி வந்திருக்கிறேன்.
அயனி தாவுவதும் வாயு நுழைவதும்
என் கையெழுத்தில் ஒன்று.
பின்னதை அடித்துவிட்டு
'ஓட்டை' என்று எழுதினேன்.

பழியை இடியின் மேல் போடலாம்.
ஆனால் ஓட்டையின் வாய் உருண்டிருந்தது,
சுற்றியிருந்த மணிகள்
அதற்கு வழிவிட்டு வளர்ந்திருந்தன.
உலைக்குப் போகும் முன்பே இருந்தது.
நாலாம் தோய்ப்போ ஐந்தாவதோ,
கையுறையோ குமிழியோ.
அன்றைக்கு எனக்குச் சளி.

சியூ லெங் ஒன்றும் கேட்கவில்லை.
வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று திரும்ப
திரையில் படம் லேசாக நடுங்கி
மறுபடி நின்றது.

ரொஹைசாட்டிடம் சொல்ல வேண்டும்.
ஆறு நாளாக அவர்
உலையின் ஒவ்வொரு செங்கல்லையும்
துடைத்துக்கொண்டிருக்கிறார்.